வாலிபால் ரெஃப்ரி கை காட்டுவதை எந்த வரிசையில் படிப்பது?

கடைசிக்கோடு:
மேட்ச் பார்க்கும்போது பாயிண்ட் யாருக்கு என்பது புரிகிறது, ஏன் என்பதுதான் பல நேரம் புரிவதில்லை. மேலே ஸ்டாண்டில் நிற்கும் ரெஃப்ரி விசில் அடித்துவிட்டு ஒரு பக்கம் கையை நீட்டுகிறார், உடனே வேறு ஏதோ காட்டுகிறார். கீழே நிற்பவர் சில சமயம் அவரே விசில் அடித்துக் காட்டுகிறார், சில சமயம் பேசாமல் நிற்கிறார். இதில் ஒழுங்கு உண்டா?

குறிப்பாக மூன்று சைகை. ஒன்று, உள்ளங்கையை மேலே பார்க்கவைத்துத் தூக்குவது: சர்வீஸ் போட்டவருக்கும் காட்டுகிறார்கள், செட்டருக்கும் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) காட்டுகிறார்கள். இரண்டு, ஒரு கையை நிமிர்த்தி வைத்து அதன் விரல்களை இன்னொரு உள்ளங்கையால் தடவுவது. மூன்று, இரண்டு கட்டைவிரலையும் தூக்குவது. பாராட்டுகிறாரா என்ன?

மூணுமீட்டர்:
ஒழுங்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் பாதி சைகைகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

மேலே இருப்பவர் முதல் நடுவர். அவர் விசில் அடித்தால், அடுத்த சர்வீஸ் எந்த டீமுக்கோ அந்தப் பக்கம் கையை நீட்டுவார். அதன் பிறகுதான் என்ன தப்பு என்ற சைகை. தேவைப்பட்டால் மட்டும் கடைசியில் ஆளைக் காட்டுவார், அதுவும் ஒற்றை விரலை நீட்டி அல்ல, திறந்த கையால். ஆக, நீட்டிய கை பாயிண்டைச் சொல்கிறது, இரண்டாவது சைகை காரணத்தைச் சொல்கிறது. பார்ப்பவர்கள் முதல் சைகையைப் பார்த்ததும் ஸ்கோர் போர்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள், காரணம் தவறிப்போகிறது.

கீழே இருப்பவர், அதாவது இரண்டாம் நடுவர் விசில் அடித்தால் வரிசை தலைகீழ். அவர் முதலில் தப்பைக் காட்டுவார், பிறகு வேண்டுமானால் ஆளை, கடைசியில் முதல் நடுவர் கை நீட்டியதைப் பின்பற்றி சர்வீஸ் டீமை. அப்போது முதல் நடுவர் சர்வீஸ் டீமை மட்டும் காட்டுவார், காரணத்தைத் திரும்பக் காட்ட மாட்டார். விதிவிலக்கு பின்வரிசைக்காரர் அல்லது லிபரோ (வேறு நிறச் சட்டை போட்ட தற்காப்பு ஆள்) செய்யும் அட்டாக் தப்பு. அதை இரண்டு பேருமே காட்டுவார்கள்.

இன்னொன்று. ஒரு கையால் மட்டும் காட்டும் சைகை என்றால், தப்பு செய்த டீம் (அல்லது டைம் அவுட் மாதிரி ஏதாவது கேட்ட டீம்) எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கையால்தான் காட்ட வேண்டும். இடது பக்க டீமின் செட்டர் டபுள் செய்தால் (பந்தை அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டால்) முதல் நடுவர் வலது கையை நீட்டி வலது பக்கத்துக்கு சர்வீஸ் கொடுப்பார், பிறகு இடது கையில் இரண்டு விரலைக் காட்டுவார். கை மாறினால் சைகை சரியாக இருந்தும் செய்தி தப்பு. புது நடுவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

மூணுமீட்டர்:
தடவும் சைகை விட்டுப்போச்சு. அது 'டச்', ஆள் மேல் பட்ட பந்து. இடது பக்க டீம் ஸ்மாஷ் அடிக்கிறது, பந்து வலது பக்க பிளாக்கரின் (வலையோரம் எகிறித் தடுப்பவர்) விரல் நுனியில் உரசி எண்ட் லைனுக்கு வெளியே போய் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் இடது கையை நீட்டுவார், பிறகு விரல்களைத் தடவுவார். அதே பந்து யார் மேலும் படாமல் வெளியே போயிருந்தால் வலது கையை நீட்டிவிட்டு, இரண்டு முன்கைகளையும் நிமிர்த்தி உள்ளங்கை தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைப்பார். அது 'அவுட்'. உள்ளே விழுந்தால் விழுந்த பக்கத்துத் தரையை நோக்கிக் கையையும் விரல்களையும் நீட்டுவார். இந்த மூன்றும் தெரிந்தாலே ஒரு செட்டை ஓரளவு படித்துவிடலாம்.

டீக்கடை_பெஞ்ச்:
அண்ணே, 'அவுட்'டுக்கும் இரண்டு கையும் மேலே, பிளாக் ஃபவுலுக்கும் இரண்டு கையும் மேலே. எப்படிப் பிரிக்கிறது?

மூணுமீட்டர்:
உள்ளங்கையைப் பாருங்க தம்பி. அவுட் என்றால் முன்கை மட்டும் நிமிரும், உள்ளங்கை நடுவரின் பக்கம் திரும்பியிருக்கும். பிளாக் ஃபவுல் என்றால் கை முழுசாக நேரே மேலே போகும், உள்ளங்கை முன்பக்கம் பார்க்கும். பிளாக்கர் நிற்கும் நிலை மாதிரியே இருக்கும். பின்வரிசைக்காரர் எகிறி பிளாக் செய்தாலும், லிபரோ பிளாக் செய்ய முயன்றாலே கூட, எதிரணியின் சர்வீஸைப் பிளாக் செய்தாலும் இதுதான். சர்வீஸ் போடும் டீம் ஆட்கள் நின்று பந்தை மறைத்தாலும் (ஸ்க்ரீன்) இதே சைகை.

வடமராட்சி_கரப்பந்து:
உள்ளங்கை தூக்கிறதைப் பற்றி நான் சொல்லுறன். நாங்கள் பணிப்பு எண்டு சொல்லுறது உங்கட சர்வீஸ்.

பணிப்பில பந்தை முதல் மேல எறியவேணும், இல்லாட்டி கையிலயிருந்து விடவேணும், அதுக்குப் பிறகுதான் அடிக்கலாம். கையில வச்சபடியே தட்டினால் பிழை. அதுக்கு நடுவர் கையை *முழுசா நீட்டி*, உள்ளங்கை மேல பாக்க உயர்த்துவார். பந்தைப் பிடிச்சு எறிஞ்ச பிழைக்கு, அதாவது உங்கட ஆக்கள் 'ஹோல்டிங்' எண்டு கத்துறதுக்கு, முழங்கைக்குக் கீழ *முன்கை மட்டும்*, அதுவும் *மெதுவா* மேல வரும். அந்த மெதுவிலதான் அர்த்தமே இருக்கு: பந்து பட்டவுடன தெறிக்காமல் கையில தங்கிச்சுது எண்டு காட்டுறார். அவசரத்தில வெடுக்கெண்டு தூக்கிற நடுவரைப் பாத்தால் எது எண்டு விளங்காது, ஆனால் விசில் எப்ப வந்தது எண்டு பாத்தால் போதும். பணிப்பு அடிச்ச கணத்திலயே விசில் எண்டால் முதலாவது, பந்தை ஆடிக்கொண்டிருக்கேக்க எண்டால் இரண்டாவது.

கடைசிக்கோடு:
தெளிவாச்சு அண்ணை. அப்படியே விரல் கணக்கும்? இரண்டு, நாலு, எட்டு என்று காட்டுகிறார்கள்.

ரொட்டேஷன்6:
இரண்டு விரல்: டபுள். நாலு விரல்: ஒரே டீம் நாலு தடவை தொட்டுவிட்டது (பிளாக்கில் பட்டது கணக்கில் வராது). எட்டு விரல் விரித்துக் காட்டினால் சர்வீஸ் தாமதம். விசில் அடித்ததிலிருந்து 8 விநாடிக்குள் பந்தை அடிக்க வேண்டும். எட்டு விநாடி, எட்டு விரல். விசிலுக்கு *முன்னால்* அடித்துவிட்டால் அது தப்பு கிடையாது, அந்த சர்வீஸ் செல்லாது, திரும்பப் போட வேண்டும். பல ஊர் டோர்னமென்ட்டில் இதற்கே பாயிண்ட் கொடுத்துவிடுகிறார்கள்.

டீக்கடை_பெஞ்ச்:
டபுள்னா பந்து சுத்துதான்னு பார்த்துச் சொல்றதுதானே?

ரொட்டேஷன்6:
இல்லவே இல்லை. கேலரியில் இருந்து வரும் 'டபுள்' சத்தத்தில் முக்கால்வாசி பந்து சுற்றுவதைப் பார்த்து வருவது. சுழற்சி ஒரு சந்தேகம்தான், தப்பு இல்லை. இரண்டு கையும் தனித்தனியாக, ஒன்றன் பின் ஒன்றாகப் பந்தைத் தொட்டதை நடுவர் *கண்ணால் பார்த்திருக்க* வேண்டும். சுத்தமாக ஒரே சமயத்தில் தொட்டும் பந்து சுழலும். டபுள் ஆகியும் சுழலாமல் போகும்.

அதோடு டீமின் முதல் தொடுதலில் ஒரே அசைவுக்குள் பந்து உடம்பில் அடுத்தடுத்துப் படலாம். ரிசீவ் செய்யும்போது கையில் பட்டு நெஞ்சில் பட்டால் டபுள் கிடையாது. ஆனால் முதல் தொடுதலிலும் பந்தைப் பிடித்து எறியக் கூடாது. சர்வீஸை விரலால் ரிசீவ் செய்பவருக்கு இரண்டு விரல் வராது, மெதுவாக முன்கை வரலாம்.

அமெரிக்கக் கல்லூரி மகளிர் போட்டிகளில் 2024 முதல் இரண்டாவது தொடுதலிலும், பந்து தங்கள் பக்கமே இருக்கும்வரை, டபுளைப் பார்ப்பதில்லை. யூடியூபில் அந்த மேட்ச்களைப் பார்த்துவிட்டு இங்கே நடுவரைத் திட்ட வேண்டாம். சர்வதேச விதியில் டபுள் இன்னும் டபுள்தான்.

ஸ்கோர்ஷீட்:
சுற்றுகிற சைகை மூன்று இருக்கிறது, அதையும் சேர்த்துவிடலாம். ஆள்காட்டி விரலால் வட்டம் போட்டால் நின்ற இடம் தப்பு அல்லது ரொட்டேஷன் (சர்வீஸ் போடும் முறை) தப்பு. இரண்டு முன்கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் ஆள் மாற்றம். ஒரு முன்கை உடம்புக்கு முன்னாலும் இன்னொன்று பின்னாலும் சுற்றி வந்தால் கோர்ட் மாற்றம், ஐந்தாவது செட்டில் யாராவது 8 எடுத்ததும் வருமே அது.

ஆள் மாற்றத்துக்கு இப்போது கோச் கையை உருட்டத் தேவையே இல்லை. மாற்று ஆள் விளையாடத் தயாராக மாற்று எல்லைக்குள் வந்து நிற்பதுதான் கோரிக்கை. காயம் பட்டபோதும் செட் தொடங்கும் முன்பும் மட்டும் சைகை வேண்டும். அதனால்தான் பழைய கோச் பெஞ்சிலிருந்து கையை உருட்டிக்கொண்டே இருப்பார், ஆள் உள்ளே வராததால் மேசையில் யாரும் அசைய மாட்டார்கள். ஒரு செட்டுக்கு 6 மாற்றம். ஐந்தாவதும் ஆறாவதும் முடிந்ததை இரண்டாம் நடுவர் முதல் நடுவருக்கும் கோச்சுக்கும் சொல்லிவிடுவார். இரண்டாவது டைம் அவுட்டையும் அப்படியே. டைம் அவுட் செட்டுக்கு 2, ஒவ்வொன்றும் 30 விநாடி. முதலில் 'டி' வடிவம், அப்புறம் கேட்ட டீம் பக்கம் கை.

கடைசிக்கோடு:
விரல் வட்டம் யார் காட்டுவது? இரண்டு பேருமே காட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறது.

ஸ்கோர்ஷீட்:
ரிசீவ் செய்யும் டீம் தப்பாக நின்றால் இரண்டாம் நடுவரின் வேலை. அதனால்தான் சர்வீஸ் நேரத்தில் அவர் ரிசீவிங் பக்கம் நின்று, பந்து அடிபடும் கணத்தில் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். தரையில் கால் இருக்கும் இடம்தான் கணக்கு, உடம்பு சாய்ந்திருப்பது கணக்கில்லை. சர்வீஸ் டீம் முதல் நடுவரின் பொறுப்பு. 2025 முதல் உள்ள விதியில் சர்வீஸ் டீம் ஆட்கள் எந்த இடத்திலும் நிற்கலாம் என்று தளர்த்திவிட்டார்கள். ஆகவே அந்தப் பக்கத்துக்கு விரல் வட்டம் வந்தால் பெரும்பாலும் முறை மாறி வேறொருவர் சர்வீஸ் போட்டுவிட்டார் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிப்பது ஸ்கோர் ஷீட் எழுதுபவர்.

வடமராட்சி_கரப்பந்து:
வலைப் பிழைகளையும் சொல்லவேணும், சண்டை அதிகம் வாறது உதிலதானே.

வலையில ஆள் பட்டால் நடுவர் பிழை செய்த பக்கத்து வலையை அந்தப் பக்கக் கையால காட்டுவார். இரண்டாம் நடுவர் விசில் அடிச்சால், முதல்ல கம்பத்தைச் சுத்தி பிழை செய்த பக்கத்துக்கு வந்து நிண்டுதான் காட்டுவார். அவர் எந்தப் பக்கம் நகருறார் எண்டு பாத்தாலே ஆருடைய பிழை எண்டு தெரிஞ்சிடும், கையைப் பாக்கவே தேவையில்லை. பணிச்ச பந்து வலையைத் தாண்டாமல் விழுந்தாலும் இதே சைகை.

கையை வலைக்கு *மேல* வச்சு உள்ளங்கை கீழ பாத்தால் அது வேற: எதிர்ப் பக்கத்து வெளிக்குள்ள கை போய்ப் பந்தைத் தொட்டது. அறையிற ஆள் தன்ர பக்கத்தில பந்தை அடிச்சிட்டு, அடிச்ச வேகத்தில கை அங்கால போறது பிழையில்லை. தடுக்கிற ஆளும் கையை அங்கால கொண்டு போகலாம், ஆனால் எதிராளி அறையிறதுக்கு முன்னம் பந்தைத் தொடக் கூடாது.

எதிராளி அடிச்ச பந்து வலையில மோதி, அந்த வலை வந்து ஆளில பட்டால் பிழை இல்லை. இதையும் 'நெட்' எண்டு கத்துவினம். அன்ரெனாவுக்கு (வலையின்ர இரண்டு ஓரத்திலயும் நிமிர்ந்து நிக்கிற குச்சி) வெளியால கம்பத்தையோ கயிறையோ தொட்டாலும், ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாட்டி பிழை இல்லை. பந்து அன்ரெனாவில பட்டால் அவுட், சைகையும் அவுட் சைகைதான்.

ரொட்டேஷன்6:
கீழே கோட்டைக் காட்டுவதும் இந்தக் கூட்டத்தில்தான் வரும். சென்டர் லைனைக் காட்டினால் கால் முழுசாக எதிர் கோர்ட்டுக்குள் போய்விட்டது. பாதத்தில் ஒரு பகுதி கோட்டின் மேலோ நேர் மேலேயோ இருந்தால் தப்பில்லை. இதே சைகையை எண்ட் லைனை நோக்கிக் காட்டினால் சர்வீஸ் போட்டவர் கோட்டை மிதித்துவிட்டார். எந்தக் கோட்டைக் காட்டுகிறார் என்பதுதான் செய்தி.

முன்கையைத் திறந்த கையோடு மேலிருந்து கீழே இறக்கினால் அட்டாக் தப்பு. பின்வரிசைக்காரர் 3 மீட்டர் கோட்டை மிதித்தோ உள்ளே வந்தோ எகிறி, வலையின் மேல் விளிம்பை விட உயரத்தில் இருந்த பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டார். லிபரோ முன் பகுதியில் நின்று விரலால் செட் செய்த பந்தை வேறொருவர் வலைக்கு மேல் உயரத்தில் அடித்தாலும் இதுதான். கேலரியில் இதற்குத்தான் மிக அதிகக் குழப்பம். அடித்தவர் ஒன்றும் தப்பு செய்யவில்லையே என்று கத்துவார்கள். தப்பு லிபரோவின் விரலில் ஆரம்பித்தது. லிபரோ அதையே கீழ்க்கையால் தூக்கிக் கொடுத்திருந்தால் தாராளமாக அடிக்கலாம்.

டீக்கடை_பெஞ்ச்:
கட்டைவிரல் பாக்கி இருக்கு. அப்புறம் சிவப்பு கார்டு காட்டியும் ஆள் வெளியே போகாம விளையாடுறாரே, அதென்ன கதை?

மூணுமீட்டர்:
இரண்டு கட்டைவிரலும் மேலே என்றால் யாருக்கும் பாயிண்ட் இல்லை, ரேலி (சர்வீஸிலிருந்து விசில் வரையிலான ஆட்டம்) திரும்ப. இரண்டு டீமும் ஒரே சமயத்தில் தப்பு செய்தால், பக்கத்து கோர்ட் பந்து உள்ளே உருண்டு வந்தால், நடுவரே தவறாக விசில் அடித்துவிட்டால் வரும். ஒரு காலத்தில் வலைக்கு மேல் இரண்டு எதிராளிகளும் பந்தை அமுக்கிப் பிடித்தால் இதைக் காட்டுவார்கள். இப்போது அதற்கு விசில் இல்லை, ஆட்டம் தொடரும்.

கார்டைக் கால்பந்துக் கண்ணோடு பார்க்கக் கூடாது. மஞ்சள் எச்சரிக்கை, பாயிண்ட் போகாது. சிவப்பு தண்டனை: எதிரணிக்கு ஒரு பாயிண்டும் சர்வீஸும், ஆள் உள்ளேயே இருப்பார். இரண்டு கார்டையும் *ஒரே கையில்* சேர்த்துக் காட்டினால் அந்த செட் முடியும்வரை வெளியே. *கைக்கு ஒன்றாக*ப் பிரித்துக் காட்டினால் மேட்ச் முழுக்க வெளியே.

ஸ்கோர்ஷீட்:
> மஞ்சள் எச்சரிக்கை, பாயிண்ட் போகாது

பழைய ஆட்களுக்கு இங்கேதான் இடிக்கும். 2013க்கு முன் எச்சரிக்கைக்குக் கார்டே கிடையாது, வாயாலோ கையாலோதான். மஞ்சள் என்றாலே பாயிண்ட் போகும், சிவப்பு என்றால் செட்டுக்கு வெளியே, இரண்டும் சேர்த்து என்றால் மேட்ச்சுக்கு வெளியே. பழைய வீடியோவையும் பழைய கையேட்டையும் வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் சொல்வதும் அவர்கள் காலத்துக்குச் சரிதான்.

மணிக்கட்டில் கார்டை வைத்துக் காட்டினால் அது நடத்தைக்கு இல்லை, நேரம் கடத்தியதற்கு, ஆளுக்கு இல்லை, டீமுக்கு. மஞ்சள் என்றால் தாமத எச்சரிக்கை, சிவப்பு என்றால் தாமதத் தண்டனை, எதிரணிக்குப் பாயிண்டும் சர்வீஸும். செட் மாறினாலும் இந்தக் கணக்கு அழியாது. முதல் செட்டில் டைம் அவுட் முடிந்தும் இழுத்தடித்து மஞ்சள் வாங்கிய டீம், நாலாவது செட்டில் ஆள் மாற்றத்தில் இழுத்தடித்தால் நேராகச் சிவப்பு.

கடைசிக்கோடு:
கொடி வைத்திருக்கும் லைன் அம்பயர் சொல்வதும் நடுவர் சொல்வதும் மாறினால்?

மூணுமீட்டர்:
முதல் நடுவர் சொல்வதுதான் முடிவு. கொடி அவருக்கு உதவி. கொடி கீழே பார்த்தால் உள்ளே, நேராக மேலே நிமிர்ந்தால் அவுட், நிமிர்த்திய கொடியின் உச்சியை மற்ற கையால் தொட்டால் டச். தலைக்கு மேல் கொடியை ஆட்டிவிட்டு அன்ரெனாவையோ கோட்டையோ காட்டினால் பந்து அன்ரெனாவில் பட்டது அல்லது அதற்கு வெளியே போனது, இல்லை சர்வீஸ் போட்டவர் கோட்டை மிதித்தார். இரண்டு கையையும் நெஞ்சின் முன் குறுக்கே வைத்தால் 'நான் பார்க்கவில்லை'. இதைக் காட்டத் தயங்கி ஏதோ ஒன்றைக் காட்டிவிடும் லைன் அம்பயரால்தான் மேட்ச்சில் பாதிப் பிரச்சினை. காரணம் கேட்கும் உரிமை கோர்ட்டில் இருக்கும் கேப்டனுக்கு மட்டும், மற்ற ஐந்து பேரும் சூழ்ந்துகொண்டால் மஞ்சள் வரும்.

டீக்கடை_பெஞ்ச்:
ஊர் மேட்ச்ல ஒரே ஒரு அம்பயர்தான் நிப்பார். அவர் என்ன பண்ணணும்? புதுசா நிக்கிற பசங்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்க.

மூணுமீட்டர்:
முதல் நடுவர் வரிசையையே வைத்துக்கொள்ளட்டும்: விசில், சர்வீஸ் பக்கம், காரணம். பந்து தரையில் விழுந்ததும் விசில், பிறகு ஒரு கணம் நின்று கொடிக்காரரைப் பார்த்துவிட்டுத்தான் கை. விசிலோடு சேர்ந்தே கை எகிறினால் அப்புறம் திருத்துவது கஷ்டம், திருத்தினால் கூட்டம் விடாது. காட்டிய சைகையை ஒரு கணமாவது நிறுத்த வேண்டும். காற்றில் கொசு விரட்டுகிற மாதிரி காட்டினால் மேசையில் எழுதுபவருக்கே தெரியாது.

நெட் டச்சையும் கீழே கால் போவதையும் ஒரே ஆள் சேர்த்துப் பார்க்க முடியாது. பந்து பிளாக்கைத் தாண்டியதும் கண் பந்தோடு ஓடாமல் அரை கணம் வலையிலேயே நிற்க வேண்டும், பெரும்பாலான நெட் டச் ஆள் தரையிறங்கும்போதுதான் நடக்கும். இரண்டு லைன் அம்பயர்தான் கிடைத்தார்கள் என்றால் ஒரே பக்கம் நிறுத்தாதீர்கள்: எதிரெதிர் மூலையில், நடுவரின் வலது கைக்கு அருகிலுள்ள மூலையிலும் அதற்குக் குறுக்கே உள்ள மூலையிலும், கோர்ட்டிலிருந்து 1 முதல் 2 மீட்டர் தள்ளி. ஆளுக்கு ஒரு எண்ட் லைன், ஒரு சைட் லைன்.

வடமராட்சி_கரப்பந்து:
பழகிற பெடியளுக்கு ஒண்டு: கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகாதேங்கோ, இடம் வலம் மாறிப்போகும். ஒருத்தர் 'இடது பக்கம், டபுள்', 'வலது பக்கம், நாலு' எண்டு சொல்லச் சொல்ல, மற்றவர் காட்டவேணும். இடது பக்கத்துப் பிழை எண்டால் முதல் வலது கை நீளவேணும், பிறகு இடது கையில விரல்.

கடைசிக்கோடு:
கடைசியாக ஒன்று. செட் முடிந்ததும் முதல் நடுவரும் நெஞ்சின் முன் கையைக் குறுக்கே வைக்கிறாரே, அவரும் 'பார்க்கவில்லை' என்கிறாரா?

ஸ்கோர்ஷீட்:
:) இல்லை. நடுவர் கை விரித்து முன்கைகளைக் குறுக்கே வைத்தால் செட் அல்லது மேட்ச் முடிந்தது. லைன் அம்பயர் வைத்தால்தான் 'பார்க்கவில்லை'. 24-23இல் கோட்டில் விழுந்த பந்துக்கு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குறுக்கே வைத்தார்கள் என்றால், நடுவர் தானே பார்த்து முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.